வெசிகிளுக்குள் ஒரு புரோட்டான்கூட இல்லையா? யாராவது விளக்குங்களேன்

வணக்கம். நரம்பு செல்கள் பற்றிப் படித்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

சினாப்ஸில் (இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடம்) வெசிகிள், அதாவது சேதி மூலக்கூறுகளைச் சேர்த்துவைக்கும் குட்டிப் பை, எப்படி நிரம்புகிறது என்பது ஓரளவு புரிகிறது. அதன் சவ்வில் இருக்கும் பம்ப், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) உள்ளே தள்ளுகிறது, உள்ளே அமிலத்தன்மையும் நேர்மின்னூட்டமும் ஏறுகின்றன, அப்புறம் வீமேட் என்ற கடத்திப் புரதம் இரண்டு புரோட்டான்களை வெளியே விட்டு டோபமைன் என்ற சேதி மூலக்கூறு ஒன்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. குளூட்டமேட் என்ற இன்னொரு சேதி மூலக்கூறுக்கு வேறு புரதம், அது மின்னழுத்தத்தைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. சரி.

இடிக்கிற இடம் இதுதான். வெசிகிளின் விட்டம் சுமார் 40 நானோமீட்டர், சவ்வின் தடிமன் போக உள்ளே 30 போல. உள்ளே பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) 5.6 என்று வைத்துக் கணக்குப் போட்டால் தனியாக மிதக்கும் புரோட்டான் 0.02 தான் வருகிறது, அதாவது ஐம்பது வெசிகிளுக்கு ஒன்று! (திரும்பத் திரும்பப் போட்டாலும் அதேதான்.) ஆனால் அதே பைக்குள் ஆயிரக்கணக்கான குளூட்டமேட் மூலக்கூறுகள் போய் அடைகின்றனவே?

உள்ளே புரதங்களோடு ஒட்டியிருக்கும் புரோட்டான்கள்தான் இங்கே உண்மையான கையிருப்பு என்று நினைக்கிறேன், பிஹெச் என்பது வெறும் காலச் சராசரி. இப்படிப் பார்ப்பது சரியா?

இன்னொன்று, ஒரு வெசிகிளில் இந்தப் பம்ப் ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது. அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் உள்ளே போன டோபமைன் அப்படியே இருக்குமா, கசிந்துவிடுமா? சமன்பாட்டோடு சொன்னாலும் பரவாயில்லை, மெதுவாகப் படித்துக்கொள்கிறேன்.