ஃபீல்ட்வொர்க்கில் சந்தித்த அந்த ஒருவர்: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்காரி:
எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்கள் நாலு பேர் கூடினால் வகுப்பைப் பற்றிப் பேச்சே வராது. வாரத்தில் இரண்டு நாள் ஏஜென்சி (களப்பணிக்கு அனுப்பும் அமைப்பு), வாரக் கடைசியில் ரிப்போர்ட், ஐ.சி.யில் (தனி ஆலோசனைச் சந்திப்பில்) சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, இதுதான் ஓடும். நானே ஆரம்பிக்கிறேன்.

தேனிப் பக்கம் ஒரு கிராமம். நாற்பதை நெருங்கும் ஓர் அக்கா. கணவர் கேரளாவுக்கு வேலைக்குப் போனவர், ஆறேழு வருஷமாகத் தகவலே இல்லை. இறப்புச் சான்று இல்லாமல் விதவை ஓய்வூதியம் கேட்க முடியாது. கணவனால் கைவிடப்பட்டோருக்கு ஓர் ஓய்வூதியம் தனியாக உண்டு. 30 வயது ஆகி, பிரிந்து 5 ஆண்டாவது ஆகியிருந்தால் மனுப் போடலாம். எழுதி வாசித்துக் காட்டினேன். "கைவிட்டுச் சென்றுவிட்டார்" என்ற வரி வந்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துவிட்டார்.

"அவரு வேலைக்குல்லம்மா போயிருக்காரு. நானே இப்படி எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு அவரு வந்து நின்னா என்ன சொல்லுவேன்? வி.ஏ.ஓ. வந்து தெருவுல நாலு வீட்டுல விசாரிப்பாரு. எம் மக காதுல விழாதா?"

உதவி தேடி வருபவரோடு எப்படிப் பழக வேண்டும் என்று பீஸ்டெக் வகுத்த ஏழு கொள்கைகளைப் பரீட்சைக்கு எல்லாரும் உருப்போட்டிருப்போம். முடிவு அவர்களுடையது என்பதும் அதில் ஒன்று. அது ஒரு வீட்டுத் திண்ணையில் இப்படித்தான் வந்து நிற்கும். சூப்பர்வைசர் கேட்டது ஒரே கேள்வி: "பணம் வேண்டாம்னாங்களா, அந்த மனு வேண்டாம்னாங்களா?" திரும்பப் போய்ப் பேசினால் பணம் வேண்டும்தான். நூறு நாள் வேலைக்கு அவர் பெயர் மாமனார் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது, கூலியும் அந்தப் பக்கமே போனது. தனி அட்டை, தனி பேங்க் கணக்கு என்று அலைந்து வாங்கினோம். அதற்குக் கணவரைப் பற்றி யாரிடமும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. ஓய்வூதிய மனுவை அவர் கடைசிவரை கொடுக்கவேயில்லை.

வார்டு நம்பர் மூணு:
நான் மனநல மருத்துவமனை ஒன்றில் சைக்கியாட்ரிக் சோசியல் ஒர்க்கர். ரயில்வே ஸ்டேஷனில் போலீஸ் மீட்டுக் கொண்டுவந்த ஒரு வடநாட்டுக்காரர், மருந்தில் தேறியும் ஊர் தெரியாததால் வார்டிலேயே கிடந்தார். கேட்கும்போதெல்லாம் வேறு வேறு ஊர் சொல்வார். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, ஆற்றங்கரை, வரிசையாக யானைகள் என்று கையை விரித்து விரித்துக் காட்டினார். தரை துடைத்துக்கொண்டிருந்த பீகார்ப் பையன், "அது சோன்பூர் மேளா, மேடம்" என்றான். சாரண் மாவட்டம். அங்குள்ள ஸ்டேஷன்களுக்கெல்லாம் போன், வாட்ஸ்அப்பில் போட்டோ. கடைசியில் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் ஆளை அடையாளம் சொன்னார்.

தம்பி வந்தார். அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, "நிலத்தைப் பிரிச்சாச்சே" என்றார். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம், 19ஆம் பிரிவு. சட்டத்துக்கென்ன, சொல்லிவிடும். அந்தத் தம்பியிடம் உட்கார்ந்து பேசுவது யார்? நிலத்தை நான் தொடவே இல்லை. இந்த மாத்திரை அங்கே எங்கே கிடைக்கும், நிறுத்தினால் என்ன ஆகும், அண்ணன் இப்போது என்னென்ன வேலை செய்வார், இவ்வளவுதான் பேசினேன். சேர்ந்துதான் ரயில் ஏறினார்கள்.

பழைய மாணவன்:
1936இல் பம்பாயில் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் இந்தப் படிப்பைத் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் ஒர்க்கைத் தொடங்கியது 1952இல். அதற்கெல்லாம் எத்தனையோ காலம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "சேவையெல்லாம் சரி தம்பி, சம்பளத்துக்கு எங்க வேலை?" என்றார் பெண்ணின் தாய்மாமா. (சம்பந்தம் வேறு வீட்டில்தான் அமைந்தது.) வக்கீலுக்குப் பார் கவுன்சில் இருக்கிறது, நர்ஸுக்கு நர்சிங் கவுன்சில் இருக்கிறது. நம்மில் மருத்துவத் துறையில் இருப்பவர்களை மட்டும் துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 சட்டம் சேர்த்துக்கொண்டது. மற்றவர்கள் இன்னும் வெளியேதான். இத்தனைக்கும் ஊரெல்லாம் தெரிந்த குழந்தைகள் உதவி எண் 1098, அதே டாடா நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக 1996இல் முளைத்தது.

செகண்ட் இயர்:
1098 என்றதும் சொல்லத் தோன்றியது. ஃபீல்ட்வொர்க் ப்ளேஸ்மென்ட்டில் ஓர் அழைப்பு. ப்ளஸ் ஒன் பிள்ளை, கிசுகிசுவென்று: "அக்கா, எங் கல்யாணத்த நிறுத்தணும். ஆனா எங்க அப்பாவப் போலீஸ் புடிக்கக் கூடாது. ரெண்டும் நடக்குமா?" மாவட்டச் சமூக நல அலுவலகத்தோடு போனோம். தாலி ஏறுவதற்கு முன்பே போய்விட்டதால் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைச் சொல்லிச் சொல்லி அப்பா புலம்பினார். அவள் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், முன்பின் தெரியாதவள் மாதிரி. கூப்பிட்டது அவள்தான் என்று வீட்டில் தெரியாது. இப்போது ஃபாலோ-அப் போக வேண்டும். அப்பா சந்தேகப்படாமல் அவளிடம் எப்படித் தனியாகப் பேசுவது? ஸ்கூல் வழியாகப் போகலாமா சீனியர்ஸ்?

வைகைக்காரி:
ஸ்கூல் வழியாகவே போம்மா. ஆனா அவளை மட்டும் கூப்பிடாதே. ஹெச்.எம்.கிட்டச் சொல்லி நாலஞ்சு பிள்ளைகளை ஒவ்வொருத்தரா அனுப்பச் சொல்லு, அவ மூணாவதா வரட்டும்.