டிவியில் விலங்குப் படம் பார்க்கிற வடசென்னைக்காரங்க, ஏரியா பேரோட கவனிச்சதைப் பகிருங்க

காசிமேடு:
மீன்பிடித் துறைமுகம் பக்கம் போறவங்களுக்குப் பருந்துக் குரல் பழக்கம். கரும்பருந்து நடுங்குற விசில் மாதிரி இழுக்கும், செம்பருந்து சிணுங்கும். திரையில எந்தக் கழுகு வந்தாலும் கரகரப்பா ஒரே ‘கீயேர்’ கேட்டா, பல நேரம் அது அமெரிக்கச் செவ்வால் பருந்தோட குரல். வெண்தலைக் கழுகோட சொந்தக் குரல் மெலிசான கிரீச்சு, கம்பீரம் பத்தாதுன்னு மாத்திடுவாங்க.

600 மி.மீ. லென்ஸ் தூரத்துல இருக்கிறதைப் பக்கத்துல இழுத்துடும், மைக்கால அது ஆகாது. அதனால காலடி, மெல்லுற சத்தம், இறக்கை எல்லாம் ஸ்டுடியோவில சேர்க்கிறது. பனியில கரடி நடக்கிற சத்தத்துக்குச் சோள மாவுப் பையை அமுக்குவாங்க. ஸ்லோ மோஷன்ல வர்ற ‘வுஷ்’ முழுக்கக் கைவேலை. நொடிக்கு 1000 பிரேம் எடுத்து 25-ல ஓட்டினா 40 மடங்கு மெதுவாகும். அந்த வேகத்துல நிஜச் சத்தத்தை இழுத்தா வெறும் உறுமல்தான் மிஞ்சும்.

திருவொற்றியூர்:
சத்தம் சேர்க்கிறதைக் குத்தம்னு சொல்ல மாட்டேன். எங்க எடுத்தாங்கன்னு சொல்லாம விடுறதுதான் உறுத்தும். 2011-ல வந்த பிபிசியோட ‘ஃப்ரோசன் பிளானட்’ல பனிக்கரடிக் குட்டி பிறக்கிற காட்சி நெதர்லாந்துல ஒரு விலங்குக் காட்சிசாலையில எடுத்தது. வர்ணனையில அதைச் சொல்லல, பெரிய சர்ச்சையாச்சு. காட்டு வளைக்குள்ள கேமரா வைக்கிறது கரடிக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்துங்கிறதும் உண்மைதான். வளைக்குள்ள, கூட்டுக்குள்ள சீரான வெளிச்சத்துல ஆடாம அசையாம குளோசப் வந்தா, செட்டா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் வையுங்க.

எண்ணூர்:
பழவேற்காட்டுப் பூநாரைக் கூட்டம் ஒரே நேரத்துல எழும்புற மாதிரிக் காட்சி வந்தா எஸ்டி (சாதா தரம்) சேனல்ல படம் சதுரம் சதுரமா உடையும். டிவியை மாத்தாதீங்க. முந்தின பிரேம்ல இருந்து மாறினதை மட்டும் அனுப்பித்தான் டேட்டாவை மிச்சம் பிடிக்கிறாங்க. நூத்துக்கணக்குல இறக்கை அடிக்கும்போது திரை முழுக்க மாறுது, ஒதுக்கின பிட்ரேட் (நொடிக்கு அனுப்புற டேட்டா அளவு) பத்தாது. மழை, அலை, மீன் கூட்டம் எல்லாத்துக்கும் இதே கதை. எச்டி சேனல் போட்டா பெரும்பாலும் சரியாகும்.

படம் உடையும்போது சத்தமும் விட்டு விட்டு வந்தா அது வேற, சிக்னல் கோளாறு. நம்ம ஏரியா உப்புக்காத்துல மாடியில டிஷ்ல கேபிள் சேர்ற கனெக்டர்தான் முதல்ல போகும். பாக்ஸை ஆஃப் பண்ணிட்டு கழட்டிப் பாருங்க. நடுக்கம்பியில பச்சை பூத்திருந்தா, பளபளன்னு செம்பு தெரியிற வரைக்கும் கேபிளை வெட்டிட்டு புது கனெக்டர் போடுங்க. நடுக்கம்பி கனெக்டர் விளிம்புக்கு வெளியே 2, 3 மி.மீ. நீட்டினா போதும். கேபிளைச் சுத்தி இருக்கிற வலைப்பின்னல் இழை ஒண்ணுகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது, ஷார்ட் ஆயிடும். கடைசியா ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்துங்க. சாதா இன்சுலேஷன் டேப் வெயில்ல பிரிஞ்சிடும்.

மணலி:
இறக்கையைச் சுத்தி நிழல் மாதிரி ஒரு வளையம் தெரியுதா? டிவி செட்டிங்ல பாருங்க: சாம்சங்ல ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ (புது மாடல்ல ‘பிக்சர் கிளாரிட்டி’), எல்ஜில ‘ட்ரூமோஷன்’, சோனில ‘மோஷன்ஃப்ளோ’. அணைச்சிடுங்க. இல்லாத பிரேமை டிவி தானா ஊகிச்சுப் போடுறதுதான் அந்த வளையம்.

காசிமேடு:
இன்னொண்ணு. இசை காதைப் பிளக்குது, தமிழ் வர்ணனை கிணத்துக்குள்ள கேக்குதுன்னா, பாக்ஸ் செட்டிங்ல ஆடியோவை டால்பில இருந்து ஸ்டீரியோவுக்கோ பிசிஎம்முக்கோ (சுருக்காத ஒலி) மாத்துங்க. 5.1-ல (டால்பியோட ஆறு ஸ்பீக்கர் ஒலி) பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகும், நம்ம டிவியில இருக்கிறது ரெண்டே ஸ்பீக்கர்.