மஞ்சள் மாத்திரை எச்சரிக்கை: இந்த ஆன்செஸ் யார், இவர்களுக்குத் தடை போடும் அதிகாரம் உண்டா?

சார்செல்வாசி
எல்லாருக்கும் வணக்கம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பிரான்ஸ் அரசு மஞ்சளைத் தடை செய்துவிட்டதாம், இனி பாரிஸ் லா சப்பல் தமிழ்க் கடைகளில் மஞ்சள்தூளே கிடைக்காதாம். தேடிப் பார்த்தால் 2022இல் ஆன்செஸ் என்று ஒரு நிறுவனம் மஞ்சள் மாத்திரை பற்றி எச்சரித்த செய்திதான் வருகிறது, தடை என்று எங்கும் காணோம். அம்மா முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் மஞ்சள் காப்ஸ்யூல் வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறார், அதனால்தான் கேட்கிறேன். யார் இவர்கள்? உண்மையில் எதையாவது தடை செய்ய முடியுமா? அப்புறம் இன்னொன்று, பக்கத்துக் கடை ஒன்றில் தேதி முடிந்த மாவுப் பைகளில் புதுத் தேதி ஒட்டி விற்கிறார்கள். அதையும் இவர்களிடம்தான் சொல்ல வேண்டுமா?

மருந்துக்கடை_அக்கா
தடையெல்லாம் ஒன்றும் இல்லை தம்பி, குழம்புக்குத் தாராளமாக மஞ்சள் போடச் சொல்லுங்கள். ஆன்செஸ் என்பது இங்கே உணவு, சூழல், வேலையிட ஆபத்துகளை மதிப்பிடுகிற அரசு முகமை. 2022 ஜூனில் அவர்கள் பேசியது மாத்திரை, காப்ஸ்யூல் என்று விற்கிற சத்துத் துணைப்பொருட்களைப் பற்றி மட்டும்தான். மஞ்சள் கலந்த மாத்திரை சாப்பிட்டவர்களைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்திருந்தன, அதில் 15 அளவில் கல்லீரல் அழற்சி. இத்தாலியில் அதற்கு முன்பே இதே மாதிரிப் பல பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், மஞ்சளில் இருக்கிற குர்குமினை நம் உடம்பு லேசில் ஏற்றுக்கொள்ளாது, பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். மாத்திரை செய்கிறவர்கள் அதை மாற்றத்தான் மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்க்கிறார்கள், இல்லையென்றால் குர்குமினையே வேறு வடிவத்தில் தயாரிக்கிறார்கள். ஐரோப்பாவில் ஏற்றுக்கொண்ட அளவு 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 180 மில்லிகிராம் குர்குமின். ஆனால் அது சாதாரண வடிவத்துக்குப் போட்ட கணக்கு. உறிஞ்சலைக் கூட்டிய மாத்திரையில் பெட்டியில் போட்டிருக்கிற எண் சின்னதாக இருந்தாலும் ரத்தத்தில் சேர்வது வேறு. ரசத்தில் மிளகும் மஞ்சளும் சேர்த்துத்தானே போடுகிறோம் என்று கேட்காதீர்கள், ஒரு பானை ரசத்தில் விழுவது கால் கரண்டி, தூளில் குர்குமின் இருப்பதே சில சதவீதம்தான்.

அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அந்த மருந்து, புற்றுநோய் மருந்து, எதிர்ப்பாற்றலைக் குறைக்கிற மருந்து, இவற்றோடு இது ஒத்துப்போகாமல் போகலாம். பித்தநாளக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்.

வரிகட்டி
ஆக, எச்சரித்தார்கள், மாத்திரை இன்னும் அலமாரியில் இருக்கிறது. அறிக்கை எழுதுவதற்கென்று பாரிஸ் பக்கத்து மேசோன் அல்ஃபோரில் ஒரு தலைமையகம், ஆயிரத்துக்கும் மேல் ஊழியர்கள். ஒரு கடையையாவது மூடியிருக்கிறார்களா இவர்கள்?

வன்னியான்93
கடை மூடுவது அவர்களின் வேலையே இல்லை அண்ணை, அதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

90களில் மாட்டுப் பித்து நோய் வந்தபோது இங்கே பெரிய பிரச்சினை என்னவென்றால், மாடு வளர்க்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிற அதே அமைச்சு இறைச்சி பாதுகாப்பானதா என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. யார் நம்புவார்கள்? அதனால் ஆபத்தை மதிப்பிடுகிற ஆள் ஒருவர், முடிவெடுக்கிற ஆள் இன்னொருவர் என்று பிரிக்க வேண்டும் என்று 1998 ஜூலையில் சட்டம் கொண்டுவந்து உணவுக்கு ஆஃப்சா என்ற முகமையை உண்டாக்கினார்கள். சூழலுக்கும் வேலையிடப் பாதுகாப்புக்கும் பிறகு ஆஃப்செட் வந்தது. 2010 ஜூலையில் இரண்டையும் இணைத்ததுதான் ஆன்செஸ். ஐந்து அமைச்சுகள் இதற்கு மேலே இருக்கின்றன: சுகாதாரம், விவசாயம், சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன், நுகர்வோர் விவகாரம். ஒரே பொருள் தட்டிலும் வரும், குழாய்த் தண்ணீரிலும் வரும், தொழிற்சாலையில் வேலை செய்கிறவரின் மூச்சிலும் வரும், அதை மூன்று அலுவலகம் மூன்று கணக்காகப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்பதுதான் அந்த இணைப்பின் நியாயம்.

அறிக்கையால் என்ன பலன் என்று கேட்டீர்கள். மிட்டாய், சூயிங்கம்முக்கு வெள்ளை நிறம் தருகிற இ171, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு, நினைவிருக்கிறதா? அதன் பாதுகாப்பு பற்றிய சந்தேகங்கள் தீரவில்லை என்று 2019 ஏப்ரலில் ஆன்செஸ் கருத்துச் சொன்னது. அரசு 2020 ஜனவரி 1 முதல் உணவில் அதை நிறுத்தியது. ஐரோப்பா முழுக்க நிறுத்தியது 2022இல்தான். பிளாஸ்டிக் தயாரிப்பில் சேர்க்கிற பிஸ்பினால் ஏ விஷயமும் இதே மாதிரி, 2011இல் இவர்களின் மதிப்பீடு, 2015 முதல் உணவுப் பொதிகளில் பிரான்ஸ் தடை. ஐரோப்பியத் தடைக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டது அரசும் நாடாளுமன்றமும், ஆனால் இந்த அறிக்கைகள் இல்லாமல் அந்தப் பேனா அசைந்திருக்காது.

எப்போதும் அசையும் என்றும் இல்லை, அது வேறு கதை. 2022 ஜூலையில் பதனிட்ட இறைச்சியில் சேர்க்கிற நைட்ரைட்டுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று உறுதியாகச் சொன்னார்கள், வாரத்துக்கு 150 கிராமுக்கு மேல் சாப்பிடாதீர்கள் என்றார்கள். சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள், நைட்ரைட் போட்ட இளஞ்சிவப்பு ஜாம்போன், அதாவது பதனிட்ட பன்றி இறைச்சி, இன்னும் இருக்கிறது.

பாண்டிக்காரி
வன்னியான் சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. எல்லாவற்றிலும் ஆன்செஸ் வெறும் ஆலோசகர் இல்லை. கால்நடை மருந்துக்கு அனுமதி தருவது இவர்கள்தான், 2015 ஜூலை முதல் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிக்கு அனுமதி தருவதும் ரத்து செய்வதும் இவர்கள்தான், அதற்கு முன் அது விவசாய அமைச்சரின் கையில் இருந்தது. சண்டையெல்லாம் இந்த இடத்தில்தான் நடக்கிறது. எஸ்-மெட்டோலாக்ளோர் என்கிற களைக்கொல்லி நிலத்தடி நீரில் கலக்கிறது என்று 2023 பிப்ரவரியில் அதன் முக்கியப் பயன்பாடுகளை நிறுத்தக் கிளம்பினார்கள். மார்ச் கடைசியில் விவசாய அமைச்சர் மார்க் ஃபெனோ விவசாய சங்க மாநாட்டு மேடையிலேயே, மறுபடி யோசியுங்கள் என்று கேட்டார். ஆனாலும் ஏப்ரலில் ஆன்செஸ் அந்தக் களைக்கொல்லி அனுமதிகளை ரத்து செய்துவிட்டது. 2025இல் விவசாயிகளுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்துகிற டுப்லோம்ப் சட்டம் வந்தபோதும், இந்த முகமையின் சுதந்திரத்தில் கை வைக்கிறார்கள் என்று பெரிய சர்ச்சை.

வரிகட்டி சார், வரிப்பணத்துக்கு வேலை நடக்கிறதா என்றால் தண்ணீர் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். 2023 ஏப்ரலில் வந்தது, இவர்களின் நான்சி ஆய்வகம் நாடு முழுக்கத் தண்ணீர் எடுத்துப் பார்த்தது. குளோரோதலோனில் என்ற பூஞ்சைக்கொல்லியை ஐரோப்பாவே 2019இல் விலக்கிவிட்டது, ஆனாலும் அது சிதைந்து உண்டாகிற பொருள் ஒன்று பாதிக்கும் மேற்பட்ட குடிநீர் மாதிரிகளில் இருந்தது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. யாரும் தேடாததால் அதுவரை யாருக்கும் தெரியாது. எனக்கு இதுதான் இவர்கள் செய்ததில் பெரிய வேலை.

வரிகட்டி
சரி, தண்ணீர் விஷயம் தெரியாது, படிக்கிறேன். ஆனால் 2020 கடைசியில் எள், எள்ளுருண்டை எல்லாம் கடையிலிருந்து எடுத்தார்களே, அது ஆன்செஸ்தானே?

பாண்டிக்காரி
இல்லை. இந்தியாவிலிருந்து வந்த எள்ளில் கிருமி கொல்லப் பயன்படுத்துகிற எத்திலீன் ஆக்சைடு இருக்கிறது என்று 2020 செப்டம்பரில் முதலில் பெல்ஜியம் கத்தியது, அப்புறம் ஐரோப்பிய எச்சரிக்கை வலையமைப்பு வழியாக எல்லா நாட்டுக்கும் போனது. இங்கே பொருளைத் திரும்பப் பெற வைத்தது அரசின் நுகர்வோர், மோசடித் தடுப்பு இயக்குநரகம். எள் போட்ட ரொட்டி, பிஸ்கட், பிறகு ஐஸ்கிரீம் வரை ஆயிரக்கணக்கில் போயின. நம் கடைக்காரர்களுக்குப் பலத்த அடி, இறக்குமதி செய்தவர் செய்த தப்புக்குச் சில்லறைக் கடையில் வசை.

சார்செல்வாசி
எல்லாருக்கும் நன்றி. அக்கா, அம்மா ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுக்கத்தான் செய்கிறார், மருந்துச்சீட்டைப் பார்த்தேன். மாவுக் கடை விஷயத்தை எங்கே சொல்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

மருந்துக்கடை_அக்கா
அப்படியானால் இன்றைக்கே காப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லுங்கள், உறைதல் தடுப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பெட்டியை எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். காயம் இல்லாமல் நீலம் பாய்கிறதா, கண் மஞ்சளாகிறதா என்று பாருங்கள், இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஏதாவது தெரிந்தால் ஆன்செஸுக்கு மருத்துவரோ நாங்களோ எழுதலாம், சுகாதார அமைச்சின் முறையீட்டுத் தளத்தில் நீங்களே கூடப் பதியலாம். 2022 எச்சரிக்கை அப்படி ஒவ்வொருவராக எழுதிச் சேர்ந்ததுதான்.

வன்னியான்93
கடைக்கு, அரசின் நுகர்வோர் புகார்களுக்கான சிக்னல்கான்சோ தளம் அல்லது செயலி. இரண்டு தேதியும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்துப் போடுங்கள், பெயர் வெளியே வராமலும் செய்யலாம். நேராகச் சொல்ல வேண்டுமென்றால் உங்கள் மாவட்ட டெடெபேபே, அதாவது மக்கள் பாதுகாப்பு அலுவலகம், அந்த ஆட்கள்தான் வந்து பார்த்து மூடுகிறவர்கள். கடைக்காரர் தெரிந்தவர் என்றால் முதலில் அவரிடமே கதைத்துப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன், மறுநாளே பைகள் பின்னறைக்குப் போய்விடும்.