பில்டர் மாற்றிய பிறகு டைனா ஸ்டார்ட் ஆகி உடனே நிற்கிறது, நாளை போயா (பௌர்ணமி விடுமுறை) வேறு, யாராவது சொல்லுங்கள்

மட்டக்குளி டைனா, மாலை 5.20

வணக்கம். என்னிடம் இருப்பது 1996 டைனா லொறி, 3எல் என்கிற டீசல் எஞ்சின், டர்போ இல்லாதது. பேலியகொடை மெனிங் சந்தையில் ஏற்றி வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடைகளுக்கு மரக்கறி இறக்குகிறேன். இவ்வளவு நாளும் சேர்விஸுக்குக் கராஜில்தான் விட்டேன், போன தடவை பில்லைப் பார்த்த பிறகு ஒயில் மாற்றுவது என்ன பெரிய வித்தையா, நாமே செய்வோம் என்று இன்று காலையில் இறங்கிவிட்டேன்.

ஒயில் பக்கம் ஓரளவு ஒழுங்காகத்தான் போனது. எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி வடித்தேன், பழைய ஒயில் பில்டர் அசையவே இல்லை, கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணனிடம் செயின் ரெஞ்ச் வாங்கிக் கழற்றினேன். பிறகு டீசல் பில்டர். அதைக் கழற்றும்போது அடியில் வயரோடு ஒரு சென்சர் இருந்தது, அதைப் பிடுங்கிப் புதியதில் பூட்டி, மேலே உள்ள கறுப்பு பட்டனை ஒரு இருபது தடவை அமுக்கினேன். ஸ்டார்ட் ஆனது! அரை நிமிடம் ஓடி, இருமி, நின்றது. திரும்ப அமுக்கினால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது, திரும்ப நிற்கிறது. இப்போது அதுவும் இல்லை, சும்மா சுற்றுகிறது, பற்றரியும் சோர்ந்துவிட்டது. எங்கும் டீசல் ஒரு சொட்டு ஒழுகவில்லை, அதனால் லீக் இல்லை என்பது நிச்சயம். பம்ப் போய்விட்டதா? நாளை மறுநாள் விடியற்காலை 3 மணிக்குச் சந்தையில் நிற்க வேண்டும்.

லொறிக்காரன் 407, மாலை 5.31

நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்கள் மச்சான். ஓட ஓடச் சரியாகிவிடும்.

பாஸ் இல்லாத பாஸ், மாலை 5.38

தள்ள வேண்டாம், தயவு செய்து. 3எல்லில் இருப்பது வீஈ வகை டீசல் பம்ப், அதன் உள்ளே மசகு என்று தனியாக ஒன்றும் கிடையாது, போகிற டீசலேதான் அதற்கு ஒயில். டீசல் இல்லாமல் காற்றோடு சுற்றச் சுற்றத் தேய்வது பம்ப். பில்டர் மாற்றி மிச்சப்படுத்திய காசைப் போல பல மடங்கு பம்ப் திருத்துபவரிடம் கொடுக்க வேண்டி வரும்.

ஸ்டார்ட்டரையும் ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள், அடித்தால் ஒரு நிமிடமாவது விட்டு அடியுங்கள். இன்னொன்று, யாராவது வந்து ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வார்கள். குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினைச் சூடாக்குவது) உள்ள எஞ்சினில் அதை அடிப்பது வெடி வைப்பது போல.

தெமட்டகொடை நானா, மாலை 5.52

தம்பி, பம்ப் போகவில்லை, பயப்பட வேண்டாம். ஒழுகவில்லை அதனால் லீக் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் வழுக்கியது அந்த இடத்தில்தான். பஞ்சிகாவத்தையில் பார்ட்ஸ் கடையில் நின்ற காலத்தில் இதே கதையோடு வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்த்திருக்கிறேன், அநேகமானோர் கையில் காசோடு புது பம்ப் கேட்டுத்தான் வருவார்கள்.

உங்கள் டைனாவில் டாங்கியில் இருந்து டீசலைத் தள்ளிவிடுகிற மோட்டர் கிடையாது. முன்னால் இருக்கிற டீசல் பம்ப்தான் உறிஞ்சுகிறது, டாங்கி, பைப், பில்டர் எல்லாவற்றையும் தாண்டி ஸ்ட்ரோவில் தோடம்பழ ஜூஸ் குடிப்பது போல. ஸ்ட்ரோவில் ஓட்டை விழுந்தால் ஜூஸ் வெளியே ஒழுகுமா? ஒழுகாது, வாய்க்குக் காற்றுத்தான் வரும். எஞ்சின் ஓடும்போது பில்டருக்குள் இருப்பது உறிஞ்சல், அதனால் சீல் சரியில்லாத இடத்தில் டீசல் வெளியே வராமல் எயார் உள்ளே போகும். நீங்கள் பட்டனை அமுக்கினால் பில்டர் நிரம்புகிறது, அந்த டீசல் முடியும் வரை ஓடுகிறது, பிறகு எயார் வந்து நிறுத்துகிறது. அரை நிமிடம் என்று நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது.

இப்போது ஒன்று சொல்லுங்கள். பட்டனை அமுக்க அமுக்க இறுகியதா, அல்லது கடைசி வரை பஞ்சு மாதிரியே இருந்ததா?

மட்டக்குளி டைனா, மாலை 6.05

பஞ்சு மாதிரித்தான் நானா. இறுக வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது, இருபது போதும் என்று நினைத்தேன்.

வத்தளை கெண்டர், மாலை 6.10

எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நொசில்களில் டீசல் பைப் நட்டு இரண்டைப் பதினேழு நம்பர் ஸ்பனரால் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட்டர் அடியுங்கள், டீசல் சீறியதும் இறுக்குங்கள். எயார் எடுக்க இதுதான் வழி.

பாஸ் இல்லாத பாஸ், மாலை 6.16

பழைய எஞ்சின் என்பதால் செய்யலாம், ஆனால் அது கடைசி வேலை. எயார் உள்ளே வருகிற வழியை அடைக்காமல் நொசிலில் எயார் எடுத்தால் ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுதான். வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், புதிய வகை கொமன்ரெயில் டீசல் எஞ்சினில் அந்த நட்டுகளைத் தொடவே கூடாது, அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல், சீறுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது ஆஸ்பத்திரியில் வெட்டித் திறக்க வேண்டிய காயம். பழைய எஞ்சினிலும் விரலைக் கிட்டக் கொண்டு போகாதீர்கள்.

வத்தளை கெண்டர், மாலை 6.19

ஒப்புக்கொள்கிறேன், வரிசை மாறிவிட்டது.

பட்டா அக்கா, மாலை 6.27

நான் டிமோ பட்டா என்கிற சின்ன லொறியில் சாப்பாட்டு ஓடர் கொண்டு போகிறவள், உங்கள் எஞ்சின் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் சின்ன வாகனத்துக்குப் பில்டர் மாற்றப் போய் நானும் இதே மாதிரி நடு வீதியில் நின்றிருக்கிறேன். பழைய பில்டரின் ரப்பர் மோதிரம் பில்டரோடு வராமல் மேலேயே ஒட்டிக்கொண்டு இருந்தது, அதன் மேல் புதியதைப் பூட்டிவிட்டேன். இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. உங்கள் பழைய பில்டர் இரண்டையும் எடுத்துப் பாருங்கள், ரப்பர் அதிலேயே இருக்கிறதா? ஒயில் பில்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அங்கே இரண்டு ரப்பர் இருந்தால் எயார் வராது, ஓடுகிற ஓட்டத்தில் மொத்த ஒயிலும் தெருவுக்கு வந்துவிடும்.

புதிய டீசல் பில்டர் பெட்டிக்குள் எத்தனை ரப்பர் இருந்தது என்பதும் நினைவிருக்கிறதா?

மட்டக்குளி டைனா, மாலை 6.44

அக்கா, பழையது இரண்டிலும் ரப்பர் இருக்கிறது, நல்ல காலம். பெட்டிக்குள் ஒரு பெரிய ரப்பர் வளையம், அதைப் போட்டேன். இன்னொரு சின்ன ஓரிங் இருந்தது, அது உபரி என்று நினைத்துப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

தெமட்டகொடை நானா, மாலை 6.47

பெட்டி எங்கே தம்பி?

மட்டக்குளி டைனா, மாலை 6.48

குப்பைப் பையில்.

தெமட்டகொடை நானா, மாலை 6.58

ஓடிப் போய் எடுங்கள், நாளை போயாவுக்குப் பஞ்சிகாவத்தையில் கடை திறந்திருக்காது.

உபரி இல்லை அது. அடியில் வயரோடு இருந்தது தண்ணீர் சென்சர், பில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் டெஷ்போர்டில் லைட் போட. அதைப் புதிய பில்டருக்கு மாற்றும்போது போட வேண்டிய ஓரிங்தான் அந்தச் சின்னது. பழைய ஓரிங் வருடக்கணக்கில் டீசலில் ஊறி, ஊதி, விறைத்துப் போயிருக்கும், பார்வைக்கு நல்லது போலத்தான் தெரியும். அதை இன்னொரு புரியில் முறுக்கினால் ஒரு பக்கம் கிள்ளிக்கொள்ளும்.

ஆனால் நான் சொல்கிறேன் என்று நம்பாமல் முதலில் சோதியுங்கள். பில்டரையும் சென்சரையும் பழைய துணியால் ஈரமே இல்லாமல் துடைத்து, கீழே ஒரு பத்திரிகைத் தாளைப் பிடித்துக்கொண்டு பட்டனைப் பலமாக அமுக்குங்கள். எஞ்சின் ஓடும்போது உறிஞ்சல் என்றேன், கையால் அமுக்கும்போது அது தலைகீழ், பில்டருக்குள் அழுத்தம் ஏறும். எயார் போன ஓட்டையால் இப்போது டீசல் வெளியே வரும். தாளில் பொட்டு விழுகிற இடம்தான் இடம். பொட்டே விழாவிட்டால் பில்டரைச் சந்தேகப்படுவதை விட்டு, டாங்கிப் பக்கத்து ஹோஸ், கிளிப் என்று போக வேண்டும்.

பாஸ் இல்லாத பாஸ், மாலை 7.02

நானா சொன்னதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் போத்தல் வைத்துப் பாருங்கள். பம்புக்கு டீசல் வருகிற ஹோஸைக் கழற்றி, சுத்தமான டீசல் உள்ள போத்தலை பம்பை விட உயரத்தில் கட்டி, அதில் இருந்து நேரே கொடுங்கள். நிற்காமல் ஓடினால் பம்ப் நல்லது, பில்டரில் இருந்து டாங்கி வரைக்கும் எங்கோ வில்லங்கம். அதிலும் நின்றால்தான் பம்பைப் பற்றிப் பேசலாம்.

லொறிக்காரன் 407, மாலை 7.09

டாங்கி மூடியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள், மூச்சு விடுகிற துவாரம் அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஓடி ஓடி நிற்கும். 2022 டீசல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று கேனில் சேர்த்து வைத்த டீசலை நான் கடைசியில் டாங்கிக்குள் ஊற்றினேன், கேனின் அடியில் இருந்த தண்ணீர், துரு எல்லாம் சேர்ந்து போய் இரண்டு பில்டர் தின்றது. டீசலுக்குக் க்யூஆர் பங்கீடு வந்த பிறகுதான் நிம்மதி.

மட்டக்குளி டைனா, இரவு 8.35

பொட்டு விழுந்தது நானா!! அமுக்கத் தொடங்கிப் பத்துத் தடவைக்குள் சென்சர் கழுத்தில் ஒரு முத்து மாதிரி டீசல் திரண்டது, பிறகு தாளில் விழுந்தது. சென்சரைக் கழற்றினால் பழைய ஓரிங் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு இருக்கிறது, நகத்தால் இழுத்ததும் இரண்டாகப் போய்விட்டது. மகன் குப்பைப் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பெட்டியைக் கண்டுபிடித்தான் (அம்மாவிடம் இரண்டு பேருக்கும் ஏச்சு). புதிய ஓரிங்கில் டீசல் தடவிப் பூட்டினேன், கையால் மட்டும் இறுக்கினேன், சரியா?

தெமட்டகொடை நானா, இரவு 8.41

சரி, கையால் போதும், சென்சர் உடல் பிளாஸ்டிக், ஸ்பனர் போட்டால் வெடிக்கும். பட்டன் கல்லு மாதிரி இறுகும் வரை அமுக்குங்கள், எண்ண வேண்டாம். பற்றரியைச் சார்ஜ் போட்டுவிட்டு, குளோ லைட் அணைந்த பிறகு அடியுங்கள். முதலில் கொஞ்சம் தடுமாறும், பெடலை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மட்டக்குளி டைனா, இரவு 10.15

இரண்டாவது அடியில் பிடித்தது. வெள்ளைப் புகை கொஞ்சம், தடதடப்பு கொஞ்சம், பிறகு வழக்கமான சத்தம். இருபது நிமிடம் ஓடவிட்டேன், அணைத்துப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அடித்தேன், ஒரே அடியில் வந்தது. நானாவுக்கு ஒரு பிளேன்டீ கடன்.

இப்போது இன்னொரு பயம். டிப்ஸ்டிக்கில் ஒயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு சென்ரிமீற்றர் நிற்கிறது. நாலு லீற்றர் கேன் ஒன்று, ஒரு லீற்றர் போத்தல் மூன்று, வாங்கியதை எல்லாம் ஊற்றிவிட்டேன். அதோடு புது ஒயில் அதற்குள் கறுத்தும் விட்டது. ஏமாற்று ஒயிலா?

பாஸ் இல்லாத பாஸ், இரவு 10.24

கறுத்தால் கவலை வேண்டாம். பழைய டீசல் எஞ்சினில் மூலை முடுக்கில் தங்கிய கரியைப் புது ஒயில் கழுவி எடுக்கிறது, அது ஒயிலின் வேலை. 15டபிள்யூ-40, டீசல் எஞ்சினுக்கான சிஎச்-4 அல்லது சிஐ-4 தரம் என்று கேனில் இருந்தால் கொழும்புச் சூட்டுக்குப் போதும்.

கூடியதை மட்டும் அப்படியே விடாதீர்கள். கிராங்க் அடித்து நுரைக்கும், பிரீதர் (எஞ்சின் மூச்சு விடுகிற குழாய்) வழியே எஞ்சினுக்குள் போய் எரியும். முதலில் வாகனம் சமதரையில் நிற்கிறதா என்று பாருங்கள், மட்டக்குளி ஒழுங்கைகளில் ஒரு சக்கரம் எப்போதும் வடிகானுக்குள்தான் இருக்கும். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் கூட என்றால் டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய ரியூப் விட்டுப் பெரிய சிரிஞ்சால் இழுங்கள், சம்ப் நட்டைத் திறக்க வேண்டாம், திறந்தால் வோஷர் இன்னொன்று தேடப் போயாவன்று எங்கே போவீர்கள்.

மட்டக்குளி டைனா, இரவு 11.02

சரிவில்தான் நின்றிருக்கிறது. சமதரைக்கு எடுத்தால் அரைச் சென்ரிமீற்றர்தான் கூட. சிரிஞ்ச் நாளை பார்மசி திறந்திருந்தால். வடித்த பழைய ஒயில் ஒரு கேன் நிறைய இருக்கிறது, அதை என்ன செய்வது?

பட்டா அக்கா, இரவு 11.06

மூடி போட்டு வைத்துவிட்டுப் போயா முடிந்ததும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். கானில் மட்டும் ஊற்றாதீர்கள், உங்கள் பக்கத்துக் கான் எல்லாம் நேரே களனி கங்கைக்குத்தான்.