வீடு ஸ்டேஜிங் வேலைக்கு எந்தச் சான்றிதழ் உருப்படியானது?

குழுவில் உள்ள அண்ணன், அக்காமார்களுக்கு வணக்கம். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் விலைக்கு வரும் வீடுகளைப் பார்வைக்குத் தயார் செய்து கொடுக்கிறேன். ஹோம் ஸ்டேஜிங் என்கிறார்களே, அதுதான். குடும்பம் வளைகுடாவில், வீடு இங்கே பூட்டிக் கிடக்கும். கதவுக் கீல் துருவேறி நிற்கும். சுவரில் உப்புப் பூத்துப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். அதைச் சுரண்டிக் காயவிடாமல் சோபாவை இழுத்துப் போட்டு என்ன பயன்? கூலி பேசும்போது மட்டும் புரோக்கருக்கு இது "தூத்துத் துடைக்கிற வேலை".

அமெரிக்காவில் 1972-ல் பார்ப் ஷ்வார்ஸ் தொடங்கிவைத்த தொழில் இது. அங்கேயே அரசு உரிமம் கிடையாது. சங்கங்களும் தனியார் நிறுவனங்களும் தரும் சான்றிதழ்தான். அதனால் டாலரில் பணம் கட்டிப் படிக்கத் தயக்கமாக இருக்கிறது. படித்தவர்கள் யாராவது, அதனால் வேலை கூடியதா, சுவரில் மாட்டியதோடு சரியா என்று சொல்லுங்களேன். மதுரைப் பக்கம் தமிழில் நேரடிப் பயிற்சி இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். மண்டபம், தொண்டி, ராமேஸ்வரத்தில் இந்த வேலை செய்பவர்கள் கை தூக்குங்கள். ஒரே வீட்டுக்குப் போட்டி போட்டுக் கூலியைக் குறைப்பதையாவது நிறுத்தலாம். சங்க விதிமுறை எழுதிப் பழகியவர்கள் இன்பாக்ஸில் வாங்க.