நெக்ஸ்ட்ஃப்ளோ ரெஸ்யூம்: முடிந்த வேலைகள் ஏன் மறுபடி ஓடுகின்றன?

வணக்கம். நெல் மரபணுத் தரவுக்கான பைப்லைன் (அடுத்தடுத்து ஓடும் வேலைகளின் தொடர்) ஒன்றை, அப்படிப்பட்ட தொடர்களை நிர்வகிக்கும் நெக்ஸ்ட்ஃப்ளோ மென்பொருளில் எழுதி, ஸ்லர்ம் கிளஸ்டரில் (வேலைகளை ஸ்லர்ம் வரிசைப்படுத்தும் கணினித் தொகுப்பு) ஓட்டுகிறேன். தரச் சோதனை, அலைன்மென்ட் (துண்டு வரிசைகளை மூல மரபணுவோடு பொருத்துவது), வேரியன்ட் காலிங் (வேறுபாடுகளைக் கண்டறிவது) என்று வரிசையாகப் போகும்.

நடுவில் சில வேலைகள் மெமரி போதாமல் 137 என்ற எக்ஸிட் கோடோடு நின்றுவிடும். சரி, அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு ரீட்ரைக்கும் மெமரியைக் கூட்டிக் கேட்கச் சொல்லிவிட்டேன். தலைவலி அதற்கப்புறம்தான். முடிந்ததை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஓட்ட வேண்டிய ரெஸ்யூம் ஆப்ஷனைக் கொடுத்துத் தொடங்கினால், நல்லபடியாக முடிந்த அலைன்மென்ட்கூட முதலிலிருந்து ஓடுகிறது. பலர் வரிசையில் காத்திருக்கும் பொதுக் கிளஸ்டர் இது, வீணாக்க மனசு வரவில்லை.

இன்புட் கோப்பின் பாதை, அளவு, கடைசியாக மாற்றிய நேரம் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் நெக்ஸ்ட்ஃப்ளோ ஒவ்வொரு வேலைக்கும் ஹாஷ் (அடையாளக் குறியீடு) போடுகிறது; அது மாறினால் வேலை மறுபடி ஓடும். எங்கள் கோப்புகள் என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் கோப்பு அமைப்பு) இருப்பதால், அந்த நேரம் சீராக இல்லையோ என்று சந்தேகம். கேஷ் (பழைய முடிவுகளை மறுபடி பயன்படுத்தும் வசதி) அமைப்பை லீனியன்ட் ஆக்கினால் பாதையும் அளவும் மட்டுமே பார்க்கும். ஆனால் அளவு மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறினால் பழைய முடிவையே எடுத்துக்கொள்ளுமே, அதுதான் பயம். டீப் வைத்தால் கோப்பையே படிக்கும்; பெரிய ஃபாஸ்ட்க்யூ (மரபணு வரிசைத் தரவு) கோப்புகளுக்கு அது இழுக்கும்.

என்எஃப்எஸ்ஸில் ஓட்டுபவர்கள் எதை வைத்திருக்கிறீர்கள்? டம்ப்-ஹாஷஸ் (ஹாஷ் விவரங்களை லாக்கில் எழுதவைக்கும் ஆப்ஷன்) போட்டு இரண்டு லாக்குகளை ஒப்பிட்டவர்கள், முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.