மொன்றியல் கடைகளில் ஆங்கிலத்தில் பேசலாமா?

டொராண்டோ_தம்பி:
அடுத்த மாதம் வேலை மாறி மொன்றியல் வருகிறேன். பிரெஞ்சு சுத்தமாக வராது. கடைகளில் 'போன்ஜூர்-ஹாய்' என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வணக்கம் சொல்லி வரவேற்கிறார்களே, நான் நேராக ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் முகம் சுளிப்பார்களா? ஆங்கிலத்தில் பதில் சொன்னால் கடைக்காரருக்கு அபராதம் என்று நண்பன் வேறு பயமுறுத்துகிறான்.

குளிர்விரும்பி:
டவுன்டவுனில் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். சும்மா பேசுங்கள்.

மருந்துக்கடை_அக்கா:
சும்மா பேசலாம்தான், ஆனால் முதலில் ஒரு போன்ஜூர் சொல்லிவிட்டுப் பேசுங்கள் தம்பி. நான் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் மருந்துக் கடையில் கேஷ் கவுண்டரில் நிற்பவள். காதில் போனை வைத்தபடியே "டைலனால் எங்கே?" என்று வலி மாத்திரையை ஆங்கிலத்தில் கேட்பவர்களும் உண்டு. என் பக்கத்துக் கவுண்டர் பெண் சின்ன ஊரிலிருந்து வந்தவள், ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் பேசுவாள். அப்படிக் கேட்டால் முகமெல்லாம் சிவந்துபோய் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அதே ஆள் "போன்ஜூர், இங்கிலீஷ் ஓகேவா?" என்று கேட்டிருந்தால், அவளே அலமாரி வரை கூட்டிப் போய்க் காட்டியிருப்பாள்.

அபராதக் கதையை நம்பாதீர்கள். நம் கியூபெக் மாகாணத்தின் 1977 மொழிச் சட்டப்படி பிரெஞ்சில் சேவை பெறுவது வாடிக்கையாளரின் உரிமை. கட்டாயம் கடைக்குத்தான், உங்களுக்கு இல்லை. நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டால் நாங்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தடையும் இல்லை. 2017-இல் கியூபெக் சட்டமன்றம் 'போன்ஜூர்' என்று மட்டும் வரவேற்கச் சொல்லி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அது வேண்டுகோள்தான், சட்டமில்லை. 2022-இல் சட்டத்தை இறுக்கினார்கள், பெயர்ப்பலகை விதிகள் கடுமையாயின. அதெல்லாம் முதலாளியின் தலைவலி.

ஆனால் சாகனே, ரிமூஸ்கி மாதிரி பெரும்பாலும் பிரெஞ்சே பேசும் கியூபெக் ஊர்கள் பக்கம் போனால் டவுன்டவுன் கணக்கு செல்லாது. அங்கே போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கட்டும்.

டொராண்டோ_தம்பி:
நன்றி அக்கா. நான் கஷ்டப்பட்டு பிரெஞ்சில் ஆரம்பித்து, அவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டால்?

மருந்துக்கடை_அக்கா:
தாவத்தான் செய்வார்கள், நானே செய்வேன். உங்களை மட்டம் தட்ட இல்லை, பின்னால் வரிசை நிற்கிறது! "ஆன் ஃப்ரான்சே, சில் வு ப்ளே" (பிரெஞ்சில், தயவுசெய்து) என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், பலர் திரும்பவும் பிரெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். கூட்டமில்லாத காலை வேளையில் பழகுங்கள். தயவுசெய்து மாலை ஐந்து மணிக்கு வேண்டாம்.